ஈரச் சாம்பலின் கனம்

எனக்குப் பயம் வந்தால் முதலில் முழங்காலில்தான் தெரியும். சிலருக்கு வயிற்றைக் கலக்கும், சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு இரண்டு முழங்காலும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அன்றைக்குச் சென்னையிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து இறங்கி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளேயிருந்து வெகு சாதாரணமாக ஒரு விஷயம் சொன்னாள். நான் ஒரு கால் செருப்போடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"காலைல உங்கண்ணன் வீடியோல வந்தான். அங்க மலை வெடிச்சிக்கினு சாம்பலா கொட்டுதாம். அவங்க தங்கியிருக்கிற கொட்டாய் மேலெல்லாம் இம்மாந்தண்டி தூசி. நான்தான் சொன்னேன், பைப்ப மாட்டி ஷீட்டு மேல நல்லா தண்ணி உடு நைனா, தூசி அடங்கிப்பூடும்னு. சரிம்மான்னான்."

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அம்மா சொன்னதையேதான் சொல்லியிருப்பார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறோம். விடிந்ததும் இங்கே நடக்கிற முதல் காரியம் கூரைக்குத் தண்ணீர் விடுவது. வாசல் தெளிப்பதெல்லாம் அப்புறம்தான். இரவெல்லாம் வந்து இறங்கிய கருந்தூசி சிமென்ட் ஷீட்டின் மேல் படிந்து கிடக்கும். கொஞ்சம் காற்றடித்தால் போதும், குழம்பில் விழும், துவைத்துப் போட்ட துணியில் விழும், குழந்தைகளின் கண்ணில் விழும். அதனால் பைப்பை மாட்டி விரலால் வாயை அடைத்துப் பீய்ச்சுவோம். தூசி கறுப்புத் தண்ணீராகி ஷீட்டின் பள்ளங்கள் வழியே இறங்கிச் சாக்கடைக்குப் போய்விடும். ஒரு வீட்டில் ஆரம்பித்தால் வரிசையாக எல்லா ஷீட்டிலும் சடசடவென்று சத்தம் கேட்கும். எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அந்தச் சத்தம்தான் அலாரம்.

தூசி என்றால் தண்ணீர். எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

ஆனால் எரிமலைச் சாம்பலுக்கு அந்த வைத்தியம் ஆகாது. எங்கள் தெருவில் இதைத் தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் நான், ஏனென்றால் என் பிழைப்பே அதுதான். சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எரிமலைச் சாம்பலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். எரிமலை வாசனையே இல்லாத ஊரிலிருந்து தினமும் ரயிலேறிப் போய் இதைச் செய்கிறேன் என்பதில் தெருவுக்கே ஒரு கொண்டாட்டம். பக்கத்து வீட்டு அக்கா பார்க்கும்போதெல்லாம் விடமாட்டாள். "சாம்பலப் படிக்க மெட்ராஸ் போவணுமா? எங்க ஊட்டு ஷீட்டு மேல இருந்து அள்ளிக்கினு போயேன். டப்புகூட வாணாம்." எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவள் சொல்வதில் நியாயம் இருப்பதால் அந்தக் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வரும். எங்கள் கூரைத் தூசியை ஆராய யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பல நாடுகளிலிருந்து சின்னச் சின்னப் பைகளில் சாம்பல் வரும். மலை ஏன் வெடித்தது, விழுந்த சாம்பல் என்னவெல்லாம் செய்தது, அங்கிருந்த ஜனம் திரும்ப எப்படி எழுந்து நின்றது, இதைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். சாம்பல் என்று பெயரே தவிர அது எதுவும் எரிந்து வந்ததில்லை. பொடிந்த பாறை, பொடிந்த கண்ணாடி. தண்ணீர் பட்டால் வழிந்து ஓடாது. துகள்களுக்கு நடுவே இருக்கிற சந்தெல்லாம் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, குழைத்த சிமென்ட் மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிடும். காய்ந்த சாம்பலே கனம். நனைந்தால் அது பல கூரைகள் தாங்காத கனம். சாம்பல் விழுகிற ஊர்களில் முதலில் சொல்லிக்கொடுப்பதே, தண்ணீர் ஊற்றாதீர்கள், மழை வருவதற்குள் உலர்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக வாரித் தள்ளுங்கள் என்பதுதான். அப்படிச் செய்யாமலோ செய்ய முடியாமலோ போன ஊர்களின் படங்கள் என்னிடம் நிறைய உண்டு. கூரையும் தரையும் ஒன்றாகப் படுத்திருக்கும். அந்தப் படங்களில் என் அண்ணன் இருந்ததில்லை. அதனால் அவற்றைப் பார்த்துக்கொண்டே டீ குடித்திருக்கிறேன்.

அண்ணன் இங்கே ஓர் உருக்காலையில் ஃபிட்டராக இருந்தவன். இந்தோனேஷியாவில் ஒரு தீவில் ஆலை கட்டுகிறார்கள் என்று ஆள் எடுத்தபோது போனான். நம் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் பேர் தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்தார்கள். போன புதிதில் வீடியோவில் தூரத்து மலையைக் காட்டி, "பாப்பா, உன் ஆளு பாரு, காலைலியே பீடி புடிச்சிக்கினு குந்தியிருக்காரு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். மலையின் பெயரைக் கேட்டு, அதைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் செய்யாத மலை என்றுதான் இருந்தது.

படியில் உட்கார்ந்தபடியே அவனுக்குப் போன் போட்டேன். போகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். பிறகு எழுதினேன்: "தண்ணி ஊத்தாதே. ஊத்தியிருந்தா உள்ளே போகாதே. எல்லாரையும் வெளியே கூப்பிடு." ஒரே ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழவில்லை.

"மூஞ்சி ஏன் இப்பிடி கீது? இன்னா ஆச்சி?" என்றாள் அம்மா.

"ரயில்ல கூட்டம்" என்றேன்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று அப்போதே யோசித்தேன். அண்ணன் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. ஊற்றியிருந்தால் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும். அப்பா சீக்கிரம் போய்விட்டார். ஆரம்பாக்கம் பக்கம் நடவுக்குப் போய், வயலெல்லாம் குடோன் ஆனபிறகு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவி, எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியவள் அவள். அவன் என்றால் அவளுக்கு உயிர். அவள் வாயால் சொன்ன வார்த்தையே அவன் மேல் இடிந்து விழுந்திருக்கலாம் என்று நான் எந்த வாயால் சொல்வது?

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. கை சும்மா இருக்காமல் ஒரு காரியம் செய்தது. சின்னத் தகரத் துண்டு ஒன்றை எடுத்து அதன்மேல் பையிலிருந்த சாம்பலைப் பரப்பினேன். அதை எடைபோடுகிற மெஷினில் வைத்தேன். செடிக்குத் தெளிக்கிற பாட்டிலால் தண்ணீரை மெல்லப் பீய்ச்சினேன். ஒரு சொட்டுகூட வெளியே வழியவில்லை. திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பல தடவை செய்த சோதனைதான், மாணவர்களுக்குக்கூடச் செய்துகாட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்த எண் ஏறி முடிகிறவரை என்னால் பார்க்க முடியவில்லை. மெஷினை அணைத்துவிட்டு வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். படித்தது இவ்வளவு பயம் காட்டும் என்று தெரிந்திருந்தால் வேறு ஏதாவது படித்திருப்பேன்.

அம்மாவுக்குப் பயம் வேறு மாதிரி இருந்தது. டிவியில் தீவின் பெயரைச் சொல்லி இரண்டு வரி வாசித்துவிட்டு வேறு செய்திக்குப் போய்விட்டார்கள். ஆள் எடுத்த ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால், "டவர் இல்லம்மா, ஒண்ணியும் ஆவல, பேஜார் பண்ணாத" என்று வைத்துவிட்டான். அவள் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவாள். வந்ததும், "தண்ணி உட்டிருப்பான். தூசி மூக்குல ஏறாம இருந்தாலே போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். காலையில் வழக்கம்போலப் பைப்பை மாட்டுவாள். ஷீட்டில் தண்ணீர் சடசடக்கும்போது நான் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொள்வேன்.

ஒரு நாள் ரயில் பொன்னேரியில் நின்றிருந்தபோது, என் செய்திக்குப் பக்கத்தில் இரண்டு டிக்கும் நீலமாகியிருந்ததைப் பார்த்தேன். கையில் பிடித்திருக்கும்போதே போன் அடித்தது.

"பாப்பா, இருக்கேன்" என்றான் அண்ணன்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அவனே சொன்னான். அம்மா சொன்னபடி ஏணி போட்டு ஏறிப் பைப்பால் அடித்திருக்கிறான். சாம்பல் வழியவில்லை. நம் ஊர்த் தூசி வழிகிற மாதிரி வழியவே இல்லை. தண்ணீர் பத்தவில்லை என்று நினைத்து இன்னும் திறந்துவிட்டிருக்கிறான். தகரம் முனகியிருக்கிறது. என்ன சத்தம் என்று அவன் பார்ப்பதற்குள் கொட்டகையின் பாதி உள்ளே போய்விட்டது. ஏணி வெளியே இருந்ததால் அவனுக்குச் சிராய்ப்போடு போனது. உள்ளே நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். சூளூர்பேட்டைக்காரர், வெல்டர், அவனோடு ஒரே அறையில் இருந்தவர். ஆந்திரா பார்டரைத் தாண்டினால் நம் ஊர் என்று இருவரும் உறவு கொண்டாடிக்கொள்வார்கள்.

"உயிரு இருக்கு. இடுப்பு போச்சி" என்றான். "நான்தான ஊத்தனேன் பாப்பா. அம்மாக்குச் சொல்லாத. தான் சொன்னதாலதான் இப்பிடி ஆச்சின்னு தெரிஞ்சா அது தாங்காது" என்றான்.

வீட்டுக்கு வந்து பாதியைத்தான் சொன்னேன். கொட்டகை விழுந்துவிட்டது, அண்ணன் வெளியே இருந்தான், நன்றாக இருக்கிறான். அம்மா அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "அந்த நேரத்துல வெளில இன்னா பண்ணிக்கினு இருந்தான்?" என்று கேட்டாள். நான் பொய் எதுவும் தயார் செய்து வைத்திருக்கவில்லை.

"தண்ணி ஊத்திக்கினு இருந்தான்."

அவள் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. "பாத்தியா! நான் சொன்னேன்ல? நான் சொன்னதாலதான் எம்புள்ள வெளில இருந்தான்!" என்று ஓடினாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். கேன்டீனில் சொன்னாள். கோயிலில் சொன்னாள். ஒரே வாரத்தில் தெரு முழுக்க அது பரவிவிட்டது. எனக்கு அண்ணனைப் பற்றிய பயம் போய், அம்மாவைப் பற்றிய பயம் வந்து உட்கார்ந்தது. இது அதைவிட மோசம். அண்ணனுக்கு நேர்ந்தது ஒரு முறை விழுந்து முடிந்துவிட்டது. இவள் மேல் எப்போது விழும் என்று தெரியாமல் நான் தினமும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து அண்ணன் வந்தான். இளைத்திருந்தான். அவனுடைய சேஃப்டி ஷூவின் தையல் இடுக்குகளில் சாம்பல் அப்படியே இறுகிக் கிடந்தது. அதை ஊசியால் சுரண்டி ஒரு காகிதத்தில் எடுத்துக்கொண்டு போய் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். உடைந்த பாட்டில் சில்லுகள் மாதிரி வளைந்த கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு குமிழியின் சுவர். பாறைக் குழம்புக்குள் அடைபட்டிருந்த வாயு மேலே வரவர ஊதிப் பெருத்து, தன்னைச் சுற்றியிருந்ததையெல்லாம் சிதறடித்துக்கொண்டு வெளியேறியிருக்கிறது. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான். மலை ஏன் வெடித்தது என்று என்னால் சொல்லிவிட முடிந்தது. என் வீட்டில் அடைபட்டிருந்தது எப்போது வெளியே வரும் என்றுதான் சொல்ல முடியவில்லை.

அந்த ஊர் ஜனம் எப்படி மீண்டது என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவனும் ஆர்வமாகச் சொல்வான். கிணறுகளைத் தார்ப்பாயால் மூடி வைத்தார்களாம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வீடு வீடாகக் கூட்டமாகப் போய், கூரையின் இரண்டு பக்கமும் சமமாக வாரித் தள்ளினார்களாம். அள்ளிய சாம்பலை மலை மாதிரி ஓரிடத்தில் குவித்து, பிறகு அதிலேயே சிமென்ட் கலந்து கல் அறுத்துச் சுவர் எழுப்பினார்களாம். "நம்ம ஊர்ல கரண்டு கம்பெனி சாம்பல்ல கல்லு போடறாங்கல்ல, அந்த மாரிதான் பாப்பா" என்றான். மிளகாய்ச் செடி எல்லாம் வெந்துபோன இடத்தில், மண்ணைக் கிளறி மறுபடி நட்டார்களாம். எல்லாவற்றையும் சொல்வான். கொட்டகை விழுந்ததை மட்டும் சொல்லமாட்டான். காலையில் அம்மா பைப்பைத் தொட்டாளோ இல்லையோ, முகம்கூடக் கழுவாமல் டீக்கடைக்குப் போய்விடுவான். "வெளிநாடு போயி வந்ததும் தொரைக்கு ஊட்டு டீ எறங்கல" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

கோடை ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூளூர்பேட்டைக்காரர் அண்ணனைப் பார்க்க வந்தார். வருவார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து, தடியை ஊன்றி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தார். அண்ணன் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பழவேற்காட்டு இறால் வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினாள். அவருக்கு மட்டும் நாற்காலி போட்டு முன்னால் ஸ்டூலில் இலை விரித்தாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்டதற்கு, "சைட்ல விழுந்துட்டேன்மா" என்றார்.

இறாலைப் பரிமாறிக்கொண்டே அம்மா ஆரம்பித்துவிட்டாள். எதை ஆரம்பிக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு முழங்கால் போனது. சுவரோரமாக உட்கார்ந்தேன். "எல்லாம் நான் சொன்னதாலதான் நைனா. ஷீட்டு மேல தண்ணி உடுடான்னேன். அதுக்காவ வெளில வந்தான், பொழைச்சான். இல்லன்னா அந்தக் கொட்டாய் எம்புள்ள மேல இல்ல விழுந்திருக்கும்?"

அண்ணனின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. சூளூர்பேட்டைக்காரர் அவனைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆமாம்மா. பெத்தவங்க பேச்சு கேட்டான், பொழைச்சான். இன்னும் கொஞ்சம் குழம்பு போடுங்க."

நான் மூச்சு விட்டேன். அந்த மனிதரின் காலில் விழலாம் போலிருந்தது. சரியாக அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா, வெயிலுக்கு வீடு குளிரட்டும் என்று அவள் ஷீட்டில் தண்ணீர் விட ஆரம்பித்தாள். எங்கள் ஷீட்டிலும் கொஞ்சம் தெறித்தது. சடசடவென்று சத்தம் கேட்டதும் சூளூர்பேட்டைக்காரர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். தடி உருண்டு போய்விட்டது. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். அண்ணன் எச்சில் கையோடு அவரை அணைத்து உட்கார வைத்து, "ஒண்ணுமில்லண்ணா, பக்கத்து ஊடு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லும்போது அவனும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா கரண்டியோடு நின்றாள். உருண்டுபோன தடியை எடுத்துவந்து அவர் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். பக்கத்து வீட்டுக்குப் போய்த் தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து குழம்பு ஊற்றினாள். சாயங்காலம் அண்ணன் அவரை ரயிலேற்றிவிடப் போனபோது, ஒரு டப்பாவில் இறால் வறுவல் கட்டிக் கொடுத்தாள். சைட்டில் விழுந்த பயத்தில் அவர் அப்படிச் செய்கிறார் போல என்றுதான் அவள் நினைத்திருப்பாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை எனக்கு விழிப்பு வரவில்லை. கண்ணைத் திறந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. தெருவில் மற்ற வீடுகளில் தண்ணீர் சத்தம் ஓய்ந்துபோயிருந்தது. எங்கள் கூரையில் மட்டும் சரக் சரக்கென்று வேறு ஏதோ சத்தம் கேட்டது. வெளியே வந்தேன். சுவரில் ஏணியைச் சாய்த்து, பாதிக்கு மேல் ஏறி நின்று, மூங்கில் கழியில் கட்டிய தென்னந்துடைப்பத்தால் அம்மா ஷீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். முந்தானையால் மூக்கைக் கட்டியிருந்தாள். பைப் சுருட்டி வைத்தபடி மூலையில் கிடந்தது.

"ஏம்மா, தண்ணி உடலியா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "தண்ணி ஊத்துனா கனம் ஏறும் இல்ல?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சாம்பலப் படிச்சவ நீ. நீயே சொல்லல." துடைப்பம் நின்றது. "அந்தப் புள்ள ஆமா ஆமான்னு தலையாட்டிக்கினு சோறு துன்னுது. தண்ணி சத்தம் கேட்டதும் உங்கண்ணன் எம்மா நேரம் மேலயே பாத்துக்கினு இருந்தான் தெரியுமா? நான் சொன்னது அந்தப் புள்ள இடுப்பு மேல விழுந்துகீது. நான் ஊரெல்லாம் பெருமையடிச்சிக்கினு வந்தேன்."

உனக்கு எப்படித் தெரிந்திருக்கும், உன் மேல் தப்பில்லை, நம் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்றெல்லாம் தொண்டை வரை வந்தது. அதற்குள் அவளே குனிந்து, மெதுவான குரலில் சொன்னாள்.

"உங்கண்ணன் டீக்கடைல கீறான். அவன்கிட்ட சொல்லாத. எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு தெரிஞ்சா அவன் பயந்துக்குவான்."

சரி என்றேன். தூசி உலர்ந்தபடியே எங்கள் இருவர் மேலும் கொட்டிக்கொண்டிருந்தது. ஏணி லேசாக ஆடுகிறதே என்று பிடித்துக்கொள்ளப் போனேன். ஏணி சரியாகத்தான் நின்றிருந்தது. அதன் படியில், என் கண்ணுக்கு நேராக, அம்மாவின் இரண்டு முழங்காலும் நடுங்கிக்கொண்டிருந்தன.